கால் டாக்டரிடம் போகும்போது பழைய செருப்பையும் எடுத்துப் போங்கள்

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மதுரை–ராஜபாளையம் ரூட்டில் ஆயுசில் பாதி நின்றுகொண்டே போய்விட்டது. குதிகால் வலி, வெரிகோஸ், சர்க்கரை இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் பென்ஷன் வாங்கப் போனவர்கள் எங்கள் ஆட்களில் குறைவு. எனக்கு வாய்த்தது சர்க்கரை. கூடவே உள்ளங்காலில் மதமதப்பு. அதனால் கால் டாக்டரிடம் முறை வைத்துப் போய்வருகிறேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர், “அங்கே போனா விரலை எடுத்துருவாங்கண்ணே” என்று சொல்லியே போகாமல் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை விரல் போனது, புண்ணோடு நாள் கடத்தியவர்களுக்குத்தான். உள்ளே என்ன பார்ப்பார்கள், நாம் என்ன கொண்டுபோக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் இவர்களில் நாலு பேராவது கிளம்புவார்கள்.

முதலில், யாரிடம் போவது? ‘போடியாட்ரிஸ்ட்’ என்று போர்டு இருக்கும். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் அது தனிப் படிப்பு. பாதத்தையும் காலையும் மட்டுமே படித்து, அரசு அமைப்பில் பதிவு செய்துகொண்டவர்கள் அவர்கள். எம்பிபிஎஸ் டாக்டர்கள் அல்ல. பதிவு இல்லாதவர் அந்தப் பேரைப் போட்டுக்கொள்ளவே முடியாது. நம் ஊரில் அப்படி இல்லை. பெரும்பாலும் ஒரு சர்ஜனோ சர்க்கரை நோய் டாக்டரோதான் பாதத்துக்கென்று கூடுதல் பயிற்சி எடுத்துக்கொண்டு பார்க்கிறார். அதனால் போர்டை நம்பி நேராக உள்ளே போகாமல் மூன்று விஷயம் விசாரியுங்கள். டாக்டர் என்ன படித்தவர், புண்ணைச் சுத்தம் செய்வது டாக்டரா வேறு ஆளா, கால் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் கருவி அங்கேயே இருக்கிறதா. மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் வந்தால் டோக்கன் போடலாம்.

மதுரை, சென்னை, கோவை, வேலூர் போன்ற ஊர்களில் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் சர்க்கரைக்கென்றே இருக்கும் ஆஸ்பத்திரிகளிலும் ‘டயாபடிக் ஃபுட்’, அதாவது சர்க்கரைக்காரர் பாதத்துக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் நீரிழிவுப் பிரிவில் கேளுங்கள். தமிழக அரசு ‘பாதம் பாதுகாப்போம்’ என்று தனித் திட்டமே கொண்டுவந்திருக்கிறது. கிராமத்தில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சர்க்கரை, பிரஷர் பார்க்கிற நர்ஸிடம் “என் பாதத்தைப் பார்த்து எழுதித் தாங்கம்மா” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். ரத்தம் எடுத்து மாத்திரை கொடுத்து அனுப்பும் அவசரத்தில் செருப்பைக் கழற்றச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. நாமே கழற்றிக் காட்டினால்தான் உண்டு.

எல்லாக் கால் தொல்லைக்கும் கால் டாக்டர் வேண்டியதில்லை. சர்க்கரை இல்லாத ஆள், சேற்றுப்புண்ணுக்கும் நகம் மஞ்சளாகித் தடிப்பதற்கும் தோல் டாக்டரிடம் போனால் போதும். கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடக்கும் வெரிகோஸுக்கு ரத்தக்குழாய் சர்ஜன். கணுக்கால் பிசகினால் எலும்பு டாக்டர். குதிகால் வலி என் பழைய சினேகிதன், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சர்க்கரை உள்ளவர் கதை வேறு. அவருக்குக் கால் ஆணி, பித்தவெடிப்பு, நகம் சதைக்குள் வளர்வது, புதுச் செருப்பு கடித்த கொப்புளம் என்று எதுவானாலும் கால் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஒன்றுமே இல்லையென்றாலும் வருஷத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். சர்க்கரை கூடிப்போய் வருஷக்கணக்கில் நின்றால் பாதத்து நரம்பு செத்துப்போகிறது. வலி தெரியாது. வலி தெரியாத கால், முள் குத்தினாலும் சொல்லாது, கொதிக்கும் தகரச் சூட்டில் வெந்தாலும் சொல்லாது. எங்கள் டிப்போ டிரைவர் ஒருவர் செருப்பைக் குத்திக்கொண்டு ஏறிய ஆணியோடு டிரிப் முழுக்க ஓட்டிவிட்டு, வீட்டில் வாசல்படியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இன்னொரு அடையாளமும் உண்டு. ரப்பர் செருப்பு காலிலிருந்து கழன்று தெருவிலேயே கிடக்கும், நீங்கள் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்திருப்பீர்கள். வீட்டில் இருப்பவர்கள் ‘வயசாச்சு, மறதி’ என்று சிரிப்பார்கள். அது மறதி இல்லை. அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

டோக்கன், நல்ல நாள் என்று பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே ஓட வேண்டிய நேரமும் இருக்கிறது. பாதத்தில் புண்ணோடு காய்ச்சல், குளிர். புண்ணைச் சுற்றிய சிவப்பு மேலே ஏறுவது. கெட்ட வாடை. விரல் கறுத்துப்போவது. கால் திடீரென்று வெளிறி, ஜில்லென்று ஆகி, தாங்க முடியாத வலி. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெட்டியாகி வலிப்பது. இது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்ததாக இருக்கலாம், மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். இதற்கெல்லாம் எது திறந்திருக்கிறதோ அந்தப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுதான்.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் அடுத்த காலைவிடச் சூடாக இருக்கும். வலி இருக்காது, இருந்தாலும் கொஞ்சம்தான். புண்ணும் இருக்காது. இதற்கு ‘ஷார்கோ’ பாதம் என்று பெயர். உள்ளே எலும்பும் மூட்டும் நொறுங்கிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டு நடந்தால் பாதத்தின் வளைவு இடிந்து, அடிப்பக்கம் தொட்டில் மாதிரி உருண்டுவிடும். டாக்டர் சூடு பார்க்கும் கருவியை இரண்டு காலிலும் ஒரே இடத்தில் காட்டிப் பார்ப்பார். இரண்டு டிகிரி செல்சியசுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உஷாராகிவிடுவார். காலை ஊன்ற விடாமல் மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் வைப்பார்கள். கஷ்டம்தான். ஆனால் அந்த நேரத்தில் அது ஒன்றுதான் வைத்தியம்.

சரி, தேதி வாங்கியாயிற்று. கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை.

காலைக் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள், ஆனால் எண்ணெய், களிம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் பூசிக்கொண்டு போகாதீர்கள். தோலின் நிறம்தான் டாக்டருக்குப் பாதிச் செய்தி. என் சம்பந்தியம்மா கல்யாண வீட்டிலிருந்து நேராக மருதாணிக் காலோடு வந்தார்; விரல் நுனிக்கு ரத்தம் வருகிறதா என்று அழுத்திப் பார்த்த டாக்டரம்மா, “எது மருதாணி, எது உங்க தோல்னு நான் எப்படிம்மா கண்டுபிடிக்கறது?” என்று கேட்டார். நகப்பூச்சும் அப்படித்தான். மெட்டி இறுகிக் கழற்ற முடியாமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அடியில் புண் இருந்தாலும் இருக்கும். தடித்த தோலையும் ஆணியையும் முதல் நாள் ராத்திரி சீவிவிட்டுப் போக வேண்டாம். அது எங்கே தடித்திருக்கிறது என்பதை வைத்துத்தான் பாரம் எங்கே விழுகிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

வேட்டியோ தொளதொள பேண்ட்டோ கட்டிக்கொள்ளுங்கள், முழங்கால்வரை தூக்க வேண்டியிருக்கும். சாப்பிட்டுவிட்டு, மாத்திரையும் ஊசியும் வழக்கம்போலப் போட்டுவிட்டுப் போகலாம். பாதப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) ரிப்போர்ட், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது) ரிப்போர்ட் இரண்டும் பையில் இருக்கட்டும். மாத்திரைப் பேர் வாயில் நுழையாவிட்டால் அட்டைகளையே எடுத்துப் போங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கத்தி வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். புண் இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லித் தினமும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து. பெரிசாகிறதா சுருங்குகிறதா என்று ஒரு நொடியில் தெரியும்.

கட்டாயம் எடுத்துப் போக வேண்டியது தினமும் போடும் செருப்பு. கோயிலுக்குப் போடுவதை, விசேஷத்துக்குப் போடுவதை இல்லை. தேய்ந்து, நாறி, வாசலில் கிடக்கிறதே அது. ஷூ போடுகிறவர் என்றால் ஷூவும் சாக்ஸும். வீட்டுக்குள் போடும் செருப்பு இருந்தால் அதையும். பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போக வெட்கப்படாதீர்கள். டாக்டரம்மா முதல் தடவை என் காலைப் பார்ப்பதற்கு முன்னால் செருப்பைத்தான் வாங்கினார். ஜன்னல் பக்கம் திருப்பி, உள்ளே கட்டைவிரல் குழி எவ்வளவு ஆழம், குதிகால் எந்தப் பக்கம் சாய்ந்து தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே இருந்த மேட்டில் செருப்பு பளபளவென்று தேய்ந்து குழிந்திருந்தது. “ஐயா, உங்க உடம்பு பாரம் எல்லாம் இந்த ஒரு இடத்துல இறங்குது. புண்ணு வந்தா இங்கதான் வரும்” என்றார். என் பாதத்தில் அதே இடத்தில்தான் தோல் காய்த்துப் போயிருந்தது. அப்புறம் அடிப்பக்கத்தைத் திருப்பி, குத்தியிருந்த கண்ணாடிச் சில்லு ஒன்றைக் குறடால் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். அது எத்தனை நாளாக அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது.

உள்ளே நடக்கும் பரிசோதனையில் எதுவும் வலிக்காது. விரலிடுக்கு, நகம், உள்ளங்கால் எல்லாம் பார்ப்பார்கள். பிறகு நைலான் நூல் ஒன்று. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு கைப்பிடியில் நட்டமாக நிற்கும். சரியாக 10 கிராம் அழுத்தம் வந்ததும் வளையும், அதற்கு மேல் அழுத்தாது. முதலில் கையில் தொட்டுக் காட்டுவார்கள், எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள. அப்புறம் கண்ணை மூடச் சொல்லிவிட்டு உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, தெரிந்தால் சொல்லச் சொல்வார்கள். இங்கே ஒரு விஷயம். நம் ஆட்கள் பரீட்சைக்குப் போன பிள்ளைகள் மாதிரி எல்லாவற்றுக்கும் “இருக்கு, இருக்கு” என்பார்கள். நர்ஸ் சும்மா தொடாமலே “இப்போ?” என்று கேட்பார், அதற்கும் “இருக்கு” வரும். இதில் பாஸாகி என்ன கிடைக்கப் போகிறது? தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.

அடுத்து அதிர்வு. ஓர் இசைக்கவை, விநாடிக்கு 128 தடவை அதிர்வது, தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைப்பார்கள். பெரிய இடங்களில் பயோதீசியோமீட்டர் என்ற கருவி இருக்கும். அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த இடத்தில் உங்களுக்குத் தெரிகிறதோ அந்த வோல்ட் எண்ணைக் குறிப்பார்கள். 15-க்குள் என்றால் நல்லது. 25-ஐத் தாண்டினால் கால் தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்வை இழந்துவிட்டது என்று அர்த்தம். அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மூன்றாவது ரத்த ஓட்டம். பாதத்தின் மேல்பக்கமும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். பிறகு ஜெல் தடவி டாப்ளர் வைப்பார்கள். உஷ், உஷ் என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். கையில் பிரஷர் எடுத்து, கணுக்காலிலும் பிரஷர் எடுத்து, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுப்பார்கள். அதற்கு ஏபிஐ என்று பெயர். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 0.7. 0.9-க்குக் கீழே போனால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது. 1.3-க்கு மேல் போனால் சந்தோஷப்பட வேண்டாம். குழாய் சுண்ணாம்பு பிடித்துக் கெட்டியாகி, பட்டி போட்டு அழுத்தினாலும் அமுங்காமல் பொய்க் கணக்குக் காட்டும். சர்க்கரைக்காரர்களுக்கு அது நிறைய வரும். அப்போது கால் விரலில் தனியாக அளப்பார்கள். நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அதை நீங்களே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எத்தனை தூரத்தில் பிடிக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். காலை எடுக்க வைப்பதில் அதற்கு இருக்கும் பங்கைப் பற்றி டாக்டரம்மா பேசினால் அரை மணி நேரம் ஆகும். நான் டிரிப் முடிந்து ஒன்று பற்ற வைக்கிற ஆளாக இருந்தவன் என்பதால் முழுசும் கேட்டிருக்கிறேன்.

தடித்த தோல் இருந்தால் அங்கேயே சீவி எடுப்பார்கள். மரத்துப்போக ஊசி வேண்டாம், செத்த தோல்தானே. காய்ப்புக்கு நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அது அழுக்கு இல்லை, உள்ளே கசிந்த ரத்தம். சீவினால் அடியில் புண் திறந்து கிடக்கும். ‘வந்தப்போ சும்மா இருந்த காலைக் கீறிப் புண்ணாக்கிட்டாங்க’ என்று சொல்லித் திரிகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். புண் முன்னாலேயே இருந்தது, மூடியைத்தான் அவர்கள் திறந்தார்கள். இதை வீட்டில் பிளேடால் செய்யாதீர்கள். மருந்துக்கடையில் விற்கும் கார்ன் கேப் பிளாஸ்திரியையும் சர்க்கரைக்காரர் தொடக்கூடாது. அதில் இருப்பது அமிலம். ஆணியோடு சேர்த்து நல்ல தோலையும் அரித்துவிடும்.

புண் ஏற்கெனவே இருந்தால் கம்பி ஒன்றை மெல்ல உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். எலும்பில் போய்த் தட்டினால் எலும்பிலும் சீழ் பிடித்திருக்கலாம் என்று எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எழுதுவார்கள். உள்ளங்கால் புண்ணை ஆற்றுவதில் மருந்தைவிட முக்கியம், அந்த இடத்தில் காலை ஊன்றாமல் இருப்பது. தினமும் கட்டுக் கட்டிக்கொண்டு, அந்தக் காலிலேயே மார்க்கெட்டுக்கு நடந்தால் புண் எப்படி ஆறும்? அதனால் மாவுக்கட்டோ பாரம் மாற்றும் பூட் ஷூவோ போடச் சொன்னால், ‘வேற களிம்பு இருக்கா டாக்டர்’ என்று பேரம் பேசாதீர்கள். கிருமி தொற்றாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்லை. எழுதித் தராவிட்டால் டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

விரலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். ரத்த ஓட்டம் அளந்தாயிற்றா? அடைப்பு இருந்தால் பலூன் வைத்துத் திறக்க வழி இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் இல்லாமல் கையெழுத்துக் கேட்டால், ரத்தக்குழாய் சர்ஜன் இருக்கும் இடத்துக்குப் போய் இன்னொரு கருத்துக் கேட்பது நியாயம். ஆனால் காய்ச்சல் அடிக்கிறது, சீழ் மேலே ஏறுகிறது என்றால் ஊர் ஊராகச் சுற்றிக் கருத்துக் கேட்க நேரம் இல்லை. அப்போது எடுக்கச் சொன்ன விரலை விட்டுக்கொடுத்தால்தான் கால் மிஞ்சும். எங்கள் ஆட்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இப்போது செருப்பு. எம்சிஆர் செருப்பு என்று எழுதித் தருவார்கள். மெத்தென்ற ரப்பர். இந்தச் செருப்பின் வரலாறு நம் பக்கத்தோடு சேர்ந்தது. 1946-ல் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற சர்ஜன் தொழுநோயாளிகளின் கையையும் காலையும் பார்த்துப் பார்த்து, விரல்கள் அழுகி விழவில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் போகின்றன என்று கண்டு சொன்னார். வலி தெரியாத காலுக்குச் செருப்புதான் மருந்து என்று அவரும் கூட இருந்தவர்களும் வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் மெத்தென்ற ரப்பரில் செய்து பார்த்தார்கள். அந்த அறிவுதான் இன்றைக்குச் சர்க்கரைக்காரன் காலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ‘இது தொழுநோய்க்காரங்க செருப்பு, நான் போட மாட்டேன்’ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சண்டை போட்ட ஒருவரைப் பார்த்தேன். என்ன சொல்வது?

வாங்கும்போது சாயங்காலம் போங்கள். பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்குத்தான் வாங்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். விரலிடுக்கில் மாட்டும் வார் வேண்டாம். குதிகாலுக்குப் பின்னால் பட்டை இருக்க வேண்டும். அடியில் ஆணி அடித்த செருப்பு வேண்டவே வேண்டாம், ஒட்டித் தைத்ததுதான் நல்லது. உணர்வு குறைந்த காலுக்கு ‘போட்டுப் பார்த்தேன், இறுக்கமா இல்லை’ என்பது செல்லாது, இறுக்கம்தான் தெரியாதே. வாங்கியதை டாக்டரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். முதல் வாரம் ஒரு மணி, இரண்டு மணி நேரம் போட்டுக் கழற்றி, சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தடவை போடும் முன்னும் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். புளியங்கொட்டை, கல், பேரன் போட்ட பொம்மைத் துண்டு எல்லாம் எனக்கு அகப்பட்டிருக்கின்றன.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ராத்திரி படுக்கும் முன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம். என் வீட்டம்மா சீரியல் விளம்பரத்துக்குள் பார்த்து முடித்துவிடுவார். வெந்நீரில் காலை ஊறப்போட வேண்டாம். குளிக்கும் வெந்நீரின் சூட்டையும் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், ஆனால் விரலிடுக்கில் வேண்டாம், அங்கே ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள். தரையில் படுக்கிறவர்கள் காலுக்குச் சாக்ஸ் போட்டுப் படுங்கள், கொசு வலையும் கட்டுங்கள். எலி கடித்ததுகூடத் தெரியாமல் காலையில் ரத்தத்தோடு எழுந்தவர்கள் உண்டு.

கோயில் விஷயம் கேட்பார்கள். மீனாட்சியம்மன் கோயில் பிரகாரத்தில் சித்திரை வெயிலில் மத்தியானம் வெறுங்காலில் சுற்றினால் கொப்புளம் நிச்சயம். விடியற்காலையோ பொழுது சாய்ந்தோ போங்கள், வெள்ளைச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் பட்டால் வெள்ளையில் உடனே தெரியும். உணர்வு போன காலோடு பழநிக்கு வெறுங்காலில் பாதயாத்திரை போவதை எங்கள் டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டார். நானும் பஸ்ஸில்தான் போகிறேன்.

இனி, சொன்ன குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் நாலு எட்டு வைக்கும்போது குதிகாலில் சுரீர் என்று குத்தும், நடக்க நடக்கக் குறையும், மறுபடி உட்கார்ந்து எழுந்தால் குத்தும். பெரும்பாலும் உள்ளங்கால் தசைநார் தேய்ந்து புண்பட்டுப்போனதுதான் காரணம். எக்ஸ்ரேயில் ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்று காட்டினால் கலங்க வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கும். கட்டிலை விட்டு இறங்கும் முன் ஒரு துண்டை விரலடியில் மாட்டி, முழங்காலை நீட்டி, உங்கள் பக்கம் அரை நிமிஷம் இழுத்துப் பிடியுங்கள். சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தூக்காமல் கெண்டைக்காலை நீட்டுங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துப் பாதத்தால் உருட்டலாம், உணர்வு உள்ளவர்கள் மட்டும். நாள் பிடிக்கும். மாதக்கணக்கு ஆகும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஊசியோ கத்தியோ இல்லாமலே சரியாகிவிடும். வெரிகோஸ் உள்ளவர்கள் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸை ஏபிஐ பார்க்காமல் கடையில் வாங்கி மாட்டாதீர்கள். ஏற்கெனவே ரத்தம் குறைவாக வரும் காலை அது இன்னும் இறுக்கும்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை தருகிறது, ஆனால் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான். தனியார் ஆஸ்பத்திரிக்கு வெளிநோயாளியாக வந்து போவதற்கும் அங்கே வாங்கும் செருப்புக்கும் பெரும்பாலும் நம் பணம்தான். அட்மிஷன் என்றால் பணம் கட்டும் முன்னாலேயே காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

கிளம்பும்போது, உங்கள் கால் எந்த வகையில் வருகிறது என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். உணர்வும் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை போதும். இரண்டில் ஒன்று கெட்டிருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் வர வேண்டும். இரண்டும் கெட்டிருந்தாலோ, ஒன்று கெட்டு விரலும் கோணியிருந்தாலோ மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். உணர்வோ ரத்த ஓட்டமோ குறைந்த காலில் ஏற்கெனவே புண் வந்து ஆறியிருந்தால், அல்லது விரல் எடுத்திருந்தால், ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. நான் ஆறு மாதக் கணக்கில் இருக்கிறேன். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். ஞாயிறு லீவில் சேர்ந்த கூட்டமெல்லாம் அன்றைக்குத்தான் வரும்.